பெண்ணுறுப்பில் அரிப்பு, கட்டி, புண்: உங்களுக்கோ வீட்டிலோ நடந்ததை எழுதுங்கள்

பட்டர்வொர்த் மகள்

அம்மாவுக்கு வயசு அறுபதைத் தாண்டிடுச்சு. ராத்திரி தூங்க விடாத அரிப்பு, பல வருஷமா. எந்த கிளினிக் போனாலும் "உங்களுக்கு இனிப்பு நீர் இருக்குல்ல, பூஞ்சைதான்"னு குளோட்ரிமசோல் க்ரீம் கொடுத்து அனுப்பிடுவாங்க. துணியை விலக்கிப் பார்த்தவங்க ஒருத்தர்கூட இல்லை.

கடைசியா அரசாங்க மருத்துவமனையில ஒரு மலாய்க்கார லேடி டாக்டர் விளக்கைப் பக்கத்துல இழுத்து வச்சு நிதானமா பார்த்தாங்க. அப்புறம் அம்மா கையில ஒரு கண்ணாடியைக் கொடுத்து, "ஆண்ட்டி, நீங்களும் பாருங்க"ன்னாங்க. நானும் பார்த்தேன். வெங்காயச் சருகு மாதிரி வெளுத்துச் சுருங்கின தோல், அங்கங்கே நகம் பட்ட கீறல். உள்ளுதடு மழுங்கி ஒட்டிப் போய், இருந்த இடமே தெரியலை. அம்மா என்னைப் பார்த்து, "இது எனக்கு எப்பவுமே இப்படித்தான் இருந்துச்சா?"ன்னு கேட்டாங்க. நாலு பிள்ளை பெத்தவங்க. அந்தக் கேள்வி இன்னும் என்னை விடலை.

துளி சதை எடுத்து பயாப்சிக்கு அனுப்பினாங்க. லைக்கன் ஸ்க்ளீரோசஸ்னு ஒரு நாள்பட்ட தோல் வியாதி. புற்று இல்லை. க்ரீம் கொடுத்த அத்தனை பேர் மேலயும் எனக்குக் கோபம் தீரலை.

செந்தூல் தங்கச்சி

எனக்கு பார்த்தோலின் கட்டி, யோனி வாசல் பக்கத்துல இருக்கிற சுரப்பி அடைச்சு வர்றது. வாசலுக்கு இடப்பக்கம், கீழ்ப்புறம். முதல்ல பட்டாணி அளவு. தீபாவளி வாரத்துல சீழ் பிடிச்சு கோலிக்குண்டை விடப் பெருசாச்சு. எல்ஆர்டி ரயில்ல இடம் இருந்தும் உட்கார முடியாம, கம்பியைப் பிடிச்சுக்கிட்டே மஸ்ஜித் ஜாமெக் வரைக்கும் நின்னேன். ஒரு அண்ணன் எழுந்து இடம் கொடுத்தார், வேணாம்னு சொல்றப்போ கண்ணுல தண்ணி வந்துடுச்சு. டாக்டர் கீறி சீழை எடுத்துட்டு, நுனியில பலூன் வச்ச சின்னக் குழாயை உள்ளே விட்டாங்க. வேர்ட் கதீட்டர்னு பேரு. நாலு முதல் ஆறு வாரம் இருக்கணும், அப்பதான் புது வழி உருவாகும்.

பட்டர்வொர்த் அக்கா, பயாப்சின்னு எழுதினதும் இதைப் படிக்கிற சின்னப் பொண்ணுங்க பயந்துடுவாங்க. எனக்கு யாரும் பயாப்சி எடுக்கலை. கட்டின்னாலே கேன்சர்னு நினைக்க வேணாம்.

ஆயர் ஈத்தாம் வாசி

தங்கச்சி, உங்க வயசுக்கு அது சரி. நாற்பது தாண்டினவங்களுக்கு அதே இடத்துல புதுசா கட்டி வந்தா டாக்டர்கள் சதை எடுத்துப் பார்க்கத்தான் சொல்வாங்க. அந்தச் சுரப்பியிலயும் புற்று வரும், அபூர்வம்தான்.

என் பெரியம்மாவோட கதை வேற. வெளியுதட்டுல மரு மாதிரி ஒண்ணு, அப்புறம் ஆறாத புண். வீட்டுல யார்கிட்டயும் மூச்சு விடலை. துவைக்கிற துணியில ரத்தக்கறை பார்த்து என் அக்காதான் கண்டுபிடிச்சா. கேட்டதும் பெரியம்மா சொன்னது: "போன வருஷம் பேப் ஸ்மியர் நார்மல்னு சொல்லிட்டாங்களே!" அந்தக் காகிதத்தை மடிச்சு சாமி படத்துக்குப் பின்னாடி வச்சிருந்தாங்க.

பேப் ஸ்மியர் பார்க்கிறது கர்ப்பப்பை வாயை மட்டும். இப்போ பல இடத்துல நாமளே எடுத்துக் கொடுக்கிற எச்பிவி கிருமிப் பரிசோதனையும் அதுக்காகத்தான். வெளித்தோலுக்கு அது ஜாமீன் இல்லை. பெரியம்மாவுக்கு வந்தது வெளியுறுப்புப் புற்று. ஆபரேஷன் ஆச்சு, தொடை இடுக்கு நெறிக்கட்டியையும் எடுத்தாங்க. உயிரோட நல்லா இருக்காங்க, ஆனா ஒரு கால் வீங்கியே இருக்கு, இறுக்கமான காலுறை போட்டுத்தான் நடமாட்டம்.

இன்னொண்ணும் சொல்லிடறேன். இந்தப் புற்றுல ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு பட்டர்வொர்த் அம்மாவுக்கு இருக்கிற மாதிரி நாள்பட்ட தோல் வியாதியில இருந்து வர்றது. இன்னொண்ணு எச்பிவி கிருமியால வர்றது, முக்கியமா 16ஆம் வகை. நம்ம மலேசியாவுல 2010லிருந்து 13 வயசுப் பெண் பிள்ளைகளுக்குப் பள்ளியிலேயே எச்பிவி தடுப்பூசி போடறாங்க. "எதுக்கு இந்த வயசுல"ன்னு கையெழுத்துப் போடாம பாரத்தைத் திருப்பி அனுப்பாதீங்க. மாதவிடாய் நின்ன பிறகு சொட்டு ரத்தம் வந்தாலும் காட்டிடுங்க, யோனிப் புற்றுலயும் அதுதான் பெரும்பாலும் முதல் அடையாளம். புகை பிடிக்கிறவங்க விட்டுடுங்க.

கெப்போங் அம்மா

பட்டர்வொர்த் மகளே, அந்த வியாதிக்கு ஸ்டீராய்டு களிம்புதான் கொடுப்பாங்க. தோலை இன்னும் மெலிசாக்கிடும், வேணாம்மா. வேப்பிலை, மஞ்சள் போட்டுக் காய்ச்சின தண்ணியில கழுவச் சொல்லுங்க. எனக்கு அரிப்பு வந்தப்போ அதுலதான் நின்னுச்சு.

பிரிக்ஃபீல்ட்ஸ் நர்ஸ்

அம்மா, உங்களுக்கு நின்னது சந்தோஷம். ஆனா ரெண்டு அரிப்பும் ஒண்ணில்லை. லைக்கனுக்கு முதல் மருந்தே குளோபெட்டசால் 0.05% களிம்புதான். பயந்து பாதியில நிறுத்தி, வாசலே சுருங்கிப்போய் வந்தவங்களை நான் பார்த்திருக்கேன். ஒரு அம்மாவுக்கு சிறுநீர் கழிக்கவே கஷ்டம். பரிசோதனைக் கட்டில்ல படுத்துக்கிட்டு அவங்க என் மணிக்கட்டைப் பிடிச்ச பிடி இன்னும் ஞாபகம் இருக்கு.

வழக்கமா முதல் மாசம் தினம் ராத்திரி, அடுத்த மாசம் ஒரு நாள் விட்டு ஒரு நாள், அப்புறம் வாரத்துக்கு ரெண்டு தடவை. மெலிசா, வெள்ளைத் தோல் மேல மட்டும். உங்க டாக்டர் வேற மாதிரி சொன்னா அதையே கேளுங்க. சிகிச்சை இல்லாம விட்டா 100 பேருல 5 பேர் வரைக்கும் புற்றா மாறலாம், ஒழுங்கா தடவி வந்தா அது ரொம்பக் குறையுது. டெட்டால், வாசனை சோப்பு, வேப்பிலைத் தண்ணி எல்லாம் அந்தத் தோலை எரிக்கும். வெறும் தண்ணி போதும்.

இனிப்பு நீருக்கு எம்பாகிளிஃப்ளோசின், டாபாகிளிஃப்ளோசின் சாப்பிடறவங்களுக்கு சிறுநீர்ல சர்க்கரை போறதால நிஜமாவே பூஞ்சை வரும். மாத்திரையை நீங்களா நிறுத்தாதீங்க, டாக்டர்கிட்ட சொல்லுங்க. க்ரீம் போட்டும் திரும்பத் திரும்ப வந்தா, "பார்த்துட்டு மருந்து எழுதுங்க"ன்னு தைரியமா கேளுங்க. ஆண் டாக்டர்னு கூச்சமா இருந்தா பெண் டாக்டர் வேணும்னு கேட்கலாம், கூட ஒரு நர்ஸ் நிற்கவும் சொல்லலாம்.

பட்டர்வொர்த் மகள்

நன்றி சிஸ்டர். அம்மாவுக்கு அரிப்பு நல்லா குறைஞ்சிருக்கு, தூங்கறாங்க. ஆனா வெள்ளை அப்படியே இருக்கு. மருந்து வேலை செய்யலையோ?

பிரிக்ஃபீல்ட்ஸ் நர்ஸ்

வேலை செய்யுது. நிறம் சிலருக்குத் திரும்பவே வராது, ஒட்டிப்போன உதடும் பழையபடி ஆகாது. தடிப்பு, புது முண்டு, ஆறாத வெடிப்பு இருக்கான்னு அதே கண்ணாடியை வச்சு மாசம் ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்க. இருந்தா அடுத்த அப்பாயிண்ட்மெண்ட் வரைக்கும் காத்திருக்க வேணாம், போன் பண்ணித் தேதியை முன்னாடி மாத்திக்குங்க.