'டிராஃபிக் இன் சோல்ஸ்' (1913): வெறும் பரபரப்புப் படம்தானா?

கேள்வி: பெண்களைக் கடத்தி விற்கும் கும்பலைப் பற்றிய மௌனப் படம். நேற்றுதான் பார்த்தேன். இயக்குநர் ஜார்ஜ் லோன் டக்கரின் பாணி என்று தனியாக ஏதாவது உண்டா?

பதில்: நிறையவே உண்டு. நான் எடிட்டிங் செய்பவள். அந்த அலுவலகக் காட்சிகளை எத்தனை முறை பார்த்தாலும் சலிக்காது. மேலே, ஒழுக்கம் பேசும் சீர்திருத்தச் சங்கத் தலைவர் ட்ரூபஸ்; கடத்தல் கும்பலின் ரகசியத் தலைவரும் இவர்தான். கீழே அவருடைய ஆள் வசூல் கணக்கை எழுத, அது கம்பிவழியே இவர் மேஜையில் வந்து விழுகிறது. ஒட்டுக்கேட்கும் கருவியும் இருக்கிறது. கதாநாயகி மேரி அதைக் காதில் வைத்ததும் தங்கையைக் கடத்தியவனின் குரலை அடையாளம் காண்கிறாள். மௌனப் படத்தில் ஒரு குரல்தான் திருப்பமே! இரண்டு அறைகளை மாற்றி மாற்றி வெட்டியே அதை நமக்குக் கேட்கவைத்துவிடுகிறார்.

பதில் (இன்னொருவர்): தெருக்காட்சிகளையும் சேருங்கள். நியூயார்க்கில் நேரிலேயே எடுத்தவை. கப்பலில் வந்த ஸ்வீடன் சகோதரிகளைப் போலி வேலைவாய்ப்பு அலுவலகத்துக்கு ஏய்த்துக் கூட்டிப்போகும் இடம் செய்திப்படம் மாதிரியே இருக்கும்.

கேள்வி கேட்டவர்: கடைசி போலீஸ் ரெய்டு?

பதில் (எடிட்டர்): வேகம் நன்றாக இருக்கும். ஆனாலும் என் ஓட்டு அந்த அலுவலகத்துக்கே.