காப்பதற்காக மரம் வெட்டலாமா? கலிபோர்னியக் கடலோர ரெட்வுட் காடுகளில் நடக்கும் மரக் கலைப்பு குறித்து ஓர் ஐயம்

பொழிலன் (கேள்வி):

கலிபோர்னியாவின் வடகோடிக் கடற்கரையிலுள்ள ரெட்வுட் தேசிய, மாநிலப் பூங்காக்களுக்குச் சென்றிருந்தபோது, பூங்காவின் எல்லைக்குள்ளிருந்தே மரத்தடிகளை ஏற்றிய லாரிகள் வெளியே வருவதைக் கண்டேன். விசாரித்ததில், 2020இல் களப்பணி தொடங்கிய ‘ரெட்வுட்ஸ் ரைசிங்’ என்னும் மறுசீரமைப்புத் திட்டத்தின்படி நெருக்கமாக வளர்ந்த மரங்களில் ஒரு பகுதி வெட்டிக் கலைக்கப்படுவதாகவும், வெட்டிய மரங்கள் அறுவை ஆலைகளுக்கு விற்கப்படுவதாகவும் தெரிந்தது.

தெற்கு ஒரிகன் எல்லையிலிருந்து பிக் சர் வரை ஒரு காலத்தில் ஏறத்தாழ 20 லட்சம் ஏக்கர் பரந்திருந்த இந்தக் காட்டில், கோடரி படாத பழங்காடு இன்று 5 விழுக்காடு அளவே மிஞ்சியிருக்கிறது. வெட்டினாலும் அடியிலிருந்து முளைக்கும், தீயில் கருகினாலும் துளிர்க்கும், 2,000 ஆண்டுகள் வரை வாழும் ஒரு மரத்தை அதன் போக்கில் விட்டுவிட்டால், காடு தானாகவே மீண்டுவிடாதா? பாதுகாக்கப்பட்ட பூங்காவுக்குள் ரம்பத்துக்கு என்ன வேலை? அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

கானவன்:

கலைப்பு நடப்பது பழங்காட்டில் அன்று, மொட்டையாக வெட்டப்பட்ட பிறகு மீண்டும் முளைத்த இரண்டாம் தலைமுறைக் காட்டில் என்பதை முதலில் தெளிவுபடுத்திவிடுகிறேன். 1968இல் தேசியப் பூங்கா அமைந்தபோது ரெட்வுட் ஓடையின் கீழ்ப்பகுதியில் ஒடுங்கிய ஒரு கீற்று மட்டுமே பூங்காவுக்குக் கிடைத்தது. மேல்சரிவுகளில் நிறுவனங்கள் தொடர்ந்து வெட்டிக்கொண்டிருந்தன. அங்கிருந்து மழையில் அடித்து வரப்பட்ட மண்ணும் சரளையும் ஓடைப்படுகையை உயர்த்தி, கரையில் நின்ற நெடுமரத் தோப்பையே அச்சுறுத்தத் தொடங்கியதால்தான் 1978இல் மேலும் 48,000 ஏக்கர் சேர்க்கப்பட்டது. அதன் பெரும்பகுதி ஏற்கெனவே வெட்டித் தீர்த்த நிலம். 2002இல் மாநிலப் பூங்காவின் கைக்கு வந்த மில் கிரீக் பகுதியின் 25,000 ஏக்கரும் பெரும்பாலும் அத்தகையதே.

அந்த நிலங்களில் நடந்ததைப் புரிந்துகொண்டால் தங்கள் கேள்விக்கு விடை கிடைக்கும். வெட்டிய ரெட்வுட்டின் அடிக்கட்டையிலிருந்து, கரும்பில் மறுதாம்பு விடுவதுபோலப் பல முளைகள் வட்டமாகக் கிளம்புகின்றன. வேர்த்தொகுதி முழுவதும் ஏற்கெனவே மண்ணுக்குள் இருப்பதால் அவற்றின் தொடக்க வளர்ச்சி மிக வேகமானது. ஆனால் விதையிலிருந்து முளைப்பதில் இந்த மரம் அவ்வளவு சாமர்த்தியம் உடையதன்று: விதைகளில் பெரும்பாலானவை பதர், முளைப்பவற்றுக்கும் சருகு விலகிய வெறும் மண் வேண்டும். ஆகவே அடிக்கட்டை இருந்த இடத்தில் ரெட்வுட் தன் இடத்தைத் தக்கவைத்துக்கொண்டது; இழந்த இடத்தை விதையால் மீட்க அதனால் இயலவில்லை. அந்த இடைவெளிகளில்தான் நிறுவனங்கள் வானிலிருந்து டக்ளஸ் ஃபிர் என்னும் வேறோர் ஊசியிலை மரத்தின் விதையைத் தூவின. இதன் விளைவாக, பழங்காட்டில் ஏக்கருக்குச் சில பத்துப் பெருமரங்கள் நின்ற இடத்தில், ஒரே வயதும் ஒரே உயரமும் கொண்ட மரங்கள் சில பகுதிகளில் ஏக்கருக்கு ஆயிரத்தையும் தாண்டி நெருங்கி நிற்கின்றன.

அத்தகைய காட்டுக்குள் நடுப்பகலில் நுழைந்தாலும் தரை இருண்டே கிடக்கும். பெரணியோ புதரோ இல்லாமல் வெறும் சருகுதான் காலடியில் இருக்கும். மரங்களின் கீழ்க்கிளைகள் அனைத்தும் காய்ந்து, உச்சியில் ஒரு குடுமி அளவுக்கே பச்சை மிஞ்சியிருக்கும். பழங்காட்டின் மதிப்பு வெறும் உயரத்தில் இல்லை. தொடைப் பருமனையும் மிஞ்சிய கிளைகளில் இருக்கிறது. அந்தக் கிளைகளின் கவைகளில் மக்கிய சருகு மண்ணாகி, அதில் பெரணி மெத்தைகள் வளர்ந்து, அவற்றினுள் தரைக்கே இறங்காத, பல்லி போன்ற சாலமாண்டர்கள் வாழ்கின்றன. மார்பிள்ட் மர்லெட் என்னும் கடற்பறவை கூடு கட்டுவதே இல்லை. பாசி படர்ந்த அகலக் கிளை ஒன்றின்மேல் ஒற்றை முட்டையிடுகிறது. குச்சி குச்சியாக நிற்கும் காட்டில் அதற்கு இடமேது?

தானாக மீளாதா என்றால், மீளலாம். பலவீனமானவை மடிந்து மடிந்து இடம் விடும். ஆனால் எல்லா மரங்களும் சம பலத்துடன் இருக்கும்போது எதுவும் எளிதில் தோற்பதில்லை. அந்தத் தேக்கம் மிக நீண்ட காலம் நீடிக்கக்கூடியது. 1970களின் இறுதியில் இதே பூங்காவின் ஹோல்டர் ரிட்ஜ் பகுதியில் சோதனையாகக் கலைத்துவிடப்பட்ட இடங்களில், எஞ்சிய மரங்கள் பருத்தன, அடிக்காடும் திரும்பியது. தொடாமல் விட்ட பகுதி நெருக்கமாகவே நின்றது. வெட்டப்படுவதில் பெரும்பங்கு டக்ளஸ் ஃபிர் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நீர்முகில்:

கானவன் சொன்னதோடு நீரைப் பற்றியும் சேர்க்க வேண்டும். இந்தக் கடற்கரையில் மழை குளிர்காலத்தோடு முடிந்துவிடுகிறது. கோடை மாதங்களில் காட்டுக்கு நீர் தருவது கடலிலிருந்து வரும் மூடுபனிதான். டாட் டாசன் 1998இல் வெளியிட்ட ஆய்வின்படி, அவர் அளந்த காட்டில் ஓராண்டு நீர்வரவில் ஏறத்தாழ 34 விழுக்காடு மூடுபனியிலிருந்து சொட்டிய நீர். மரமில்லாத இடத்தில் அந்தப் பங்கு பாதியாகக் குறைந்திருந்தது. அதாவது பனி எல்லா இடத்துக்கும் ஒன்றுபோல் வந்தாலும், அதைச் சீவி நீராக்கித் தரைக்கு இறக்குபவை மரங்களே.

இலையே நீரை உறிஞ்சுவதும் உண்டு. 2022இல் வெளிவந்த ஓர் ஆய்வு, ரெட்வுட்டில் இருவகை இலைத்தண்டுகள் இருப்பதைக் காட்டியது: ஒருவகை ஒளிச்சேர்க்கை செய்கிறது, மற்றொரு வகை பெரும்பாலும் நீரை உறிஞ்சும் வேலையை மட்டும் பார்க்கிறது. ஈரம் மிகுந்த வடபகுதியில் நீர் உறிஞ்சும் இலைகள் மரத்தின் கீழ்ப்பகுதியில் இருக்க, வறண்ட தென்பகுதியில் அவை மேலே ஏறிவிடுகின்றன. 2006இல் கண்டுபிடிக்கப்பட்ட, 115 மீட்டரைத் தாண்டிய ஹைப்பீரியன் போன்ற மரத்தில் வேரிலிருந்து உச்சிக்கு நீரை இழுப்பது எவ்வளவு கடினம் என்பதை எண்ணிப் பார்த்தால் இதன் அருமை விளங்கும். 2004இல் கோக், சில்லெட் முதலியோர் இந்த இழுவையைக் கணக்கிட்டு, மரத்தின் உயர வரம்பு 122 முதல் 130 மீட்டர் வரை என்று மதிப்பிட்டனர். (ஹைப்பீரியனைத் தேடிப் போகாதீர்கள்; வருகையாளர்களின் கால்பட்டு அடிக்காடு அழிந்ததால் 2022 முதல் அந்தப் பகுதி மூடப்பட்டிருக்கிறது.)

கலைத்தால் பனி பிடிக்கும் பரப்பு குறையாதா என்று கேட்கலாம். தொடக்கத்தில் சிறிது குறையும் என்றே நினைக்கிறேன். ஆனால் குடுமி மட்டும் கொண்ட ஆயிரம் மரங்களைவிட, தரைக்கு அருகிலிருந்தே கிளைபரப்பிய சில மரங்கள் நல்ல வடிகட்டி. கலிபோர்னியக் கடற்கரையில் கோடை மூடுபனி கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தைவிட மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிட்டதாக 2010இல் ஜான்ஸ்டோனும் டாசனும் கணித்திருக்கிறார்கள். கிடைக்கும் நீர் சுருங்கும்போது அதற்காக முண்டியடிக்கும் வேர்களின் எண்ணிக்கையைக் குறைப்பது தவறாகத் தெரியவில்லை.

இளவேனில்:

அறிவியலை நான் மறுக்கவில்லை. ஆனால் வெட்டிய மரத்தை விற்று அந்தப் பணத்தில் அடுத்த ஆண்டின் பணியை நடத்தும் ஏற்பாடு எனக்கு உவப்பாக இல்லை. பருத்த மரத்துக்கே ஆலையில் நல்ல விலை. காட்டுக்கு நன்மை தருவதோ மெலிந்தவற்றை அகற்றுவது. இந்த இரண்டும் எப்போதும் ஒரே திசையில் இழுக்கா. ஹம்போல்ட் வட்டாரத்து மக்களுக்கு ஐயம் இருப்பதிலும் வியப்பில்லை. 1985இல் பசிபிக் லம்பர் என்னும் மரவெட்டு நிறுவனத்தை மேக்ஸாம் என்னும் மற்றொரு நிறுவனம் கடன் வாங்கிக் கைப்பற்றியபோது, அந்தக் கடனை அடைக்க வெட்டும் வேகம் எப்படி முடுக்கிவிடப்பட்டது என்பதையும், அந்த வெட்டிலிருந்து ஹெட்வாட்டர்ஸ் காட்டின் சுமார் 7,500 ஏக்கரை மீட்க 1999இல் பொதுப்பணம் 38 கோடி டாலர் செலவானதையும் அவர்கள் மறந்துவிடவில்லை.

இன்னொன்றும் உண்டு. கலைத்த காட்டில் வேகமாக வளரும் இளமரங்களைக் கருங்கரடிகள் விடுவதில்லை. வசந்தகாலத்தில் உள்பட்டையில் சர்க்கரை ஏறியிருக்கும்போது, நகத்தால் பட்டையைக் கீறி நீள நீளமாக உரித்து, அதனடியில் வெளிப்பட்ட சாறுள்ள பகுதியைப் பல்லால் சுரண்டித் தின்கின்றன. தழைத்து வளரவேண்டும் என்று நாம் தேர்ந்தெடுத்து விட்ட மரமே அவற்றின் விருப்பத் தேர்வாகவும் இருப்பது இந்தத் திட்டத்தின் வேடிக்கை. வெட்டிப் போட்ட கிளைகள் சில ஆண்டுகளுக்கு எரிபொருளாகக் கிடக்கும் என்பதையும் யாரும் பேசுவதில்லை.

கானவன்:

இளவேனில் அவர்களே, கரடி விஷயத்தில் தாங்கள் கூறுவது முழுக்க உண்மை. அதனால்தான் சீரான இடைவெளியில் மரங்களை நிறுத்தும் பழைய முறையை விட்டு, சில இடங்களில் திறப்பும் சில இடங்களில் அடர்த்தியுமாக ஏற்றத்தாழ்வோடு கலைக்கிறார்கள். கரடி சில மரங்களைக் கொல்வதும் அந்த ஏற்றத்தாழ்வுக்குத் துணைதான் என்று வாதிடுவோரும் உண்டு. நான் அந்தக் கட்சி.

பணத்தைப் பொறுத்தவரை, தாங்கள் எழுப்பும் எச்சரிக்கை தேவையானது. எந்தப் பருமனுக்கு மேற்பட்ட மரத்தைத் தொடக்கூடாது என்பதும், யார் குறியிடுகிறார் என்பதும் ஏலத்துக்கு முன்பே வெளிப்படையாக இருக்க வேண்டும். ஆயினும் மரம் வெட்டுவது மட்டுமே இந்தத் திட்டம் அன்று. வெட்டும் காலத்தில் சரிவுகளின் குறுக்கே போட்டுக் கைவிடப்பட்ட சாலைகள் இன்றும் ஒவ்வொரு பெருமழையிலும் சரிந்து, சால்மன் முட்டையிடும் சரளைப் படுகைகளைச் சேற்றால் மூடுகின்றன. அந்தச் சாலைகளைப் பிரித்தெடுத்து, புதைந்துபோன ஓடைவாய்களைத் தோண்டித் திறப்பதற்கு எந்திரமும் ஆளும் பெருந்தொகையும் தேவை. எனக்கு இரண்டில் ஒன்றைத் தேர்வு செய்யச் சொன்னால் சாலை அகற்றலையே முதலில் செய்யச் சொல்வேன், ஏனெனில் மரம் காத்திருக்கும், சரிவு காத்திருக்காது.

பொழிலன்:

விரிவான விளக்கங்களுக்கு நன்றி. எரிபொருள் பற்றி இளவேனில் சொன்னதால் ஒரு துணைக்கேள்வி: ரெட்வுட் தீக்கு அஞ்சாத மரம் என்கிறார்களே, பிறகு ஏன் தீயைப் பற்றி இவ்வளவு கவலை?

தணல்:

முதிர்ந்த மரத்தின் பட்டை 30 சென்டிமீட்டர் வரை தடித்தது, பிசினும் மிகக் குறைவு. ஆகவே தரையில் ஊரும் தீ அதை எளிதில் கொல்வதில்லை. 2020 ஆகஸ்டில் மின்னலால் மூண்ட தீ, 1902இல் தொடங்கப்பட்ட, தெற்கே உள்ள பிக் பேசின் ரெட்வுட் பூங்காவை ஏறத்தாழ முழுவதும் எரித்துவிட்டது. அங்கே தீ உச்சிவரை ஏறி ஊசியிலைகளை எல்லாம் கருக்கியது. சில மாதங்களில் கரிந்த அடிமரங்களின் மேல், அடியிலிருந்து முடிவரை பச்சைத் துளிர்கள் பிதுங்கிக் கிளம்பின. 2023இல் வெளிவந்த ஆய்வு அந்தத் துளிர்களின் கார்பனைக் காலக்கணிப்புச் செய்தபோது, மரம் பல பத்தாண்டுகளுக்கு முன் சேமித்துவைத்த சர்க்கரையை எடுத்துச் செலவிட்டிருப்பது தெரிந்தது. சேமிப்பை எத்தனை முறை இப்படி எடுக்க முடியும் என்பதுதான் கவலை. மேலும், அருகில் நின்ற டக்ளஸ் ஃபிர்களில் பெரும்பாலானவை மீளவில்லை. இளம் ரெட்வுட்டுக்கும் அந்தத் தடித்த பட்டை கிடையாது, மேல்தண்டு செத்து மீண்டும் அடியிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கும். நெருக்கமான இரண்டாம் தலைமுறைக் காட்டுக்குத் தீ வந்தால் ஐம்பது ஆண்டு வளர்ச்சி வீணாகும்.

இந்தக் காடுகளில் தீ புதியதும் அன்று. யூரோக், டோலோவா முதலிய பழங்குடிகள், கூடை முடைய உதவும் ஹேசல் புதரின் கொம்புகள் நேராக வளர்வதற்கும், டானோக் மரத்தின் கொட்டை பொறுக்கும் இடங்கள் புதர் மண்டாமல் இருப்பதற்கும் முறைவைத்துத் தீ மூட்டி வந்தார்கள். அரசு அதைத் தடைசெய்து தீயை அணைப்பதையே கொள்கையாக்கியபோது அடிக்காட்டில் எரிபொருள் குவிந்தது. பின்னர் ஃபைட்டாப்தோரா என்னும் நுண்ணுயிரியால் வரும் நோய் டானோக் மரங்களைக் கொன்று அந்தக் குவியலைப் பெருக்கியது. கலைத்த பிறகு கழிவைக் குவித்து ஈரப் பருவத்தில் எரிப்பதும், பிறகு குறிப்பிட்ட இடைவெளியில் தாழ்ந்த தீயைப் படரவிடுவதும் சேர்ந்து நடந்தால்தான் இளவேனில் கேட்ட கேள்விக்குப் பதில் முழுமையாகும். ஓரிக் ஊருக்கு அருகே பழைய மரஅறுவை ஆலை இருந்த 125 ஏக்கர் நிலத்தை யூரோக் மக்களுக்குத் திருப்பித் தர 2024இல் உடன்பாடு கையெழுத்தானது. தீ வைக்கும் உரிமையும் அவர்கள் கைக்கு எவ்வளவு தூரம் திரும்புகிறது என்பதை நான் கவனித்து வருகிறேன்.