செல்ஃப் எடுக்கல, மீட்டர்ல 12.6 காட்டுது: கரண்ட் எங்கே நிற்கிறது?

பேட்டரியில் மீட்டரை வைத்து 12.6 வோல்ட் வந்ததும், "பேட்டரி நல்லாத்தான் இருக்கு, செல்ஃப் மோட்டார் போச்சு" என்று மோட்டாரைக் கழற்றுபவர்கள் அதிகம். சும்மா இருக்கும்போது வரும் அந்த எண் சார்ஜ் அளவை மட்டுமே சொல்லும். 12.6 என்றால் முழுசு, 12.4 முக்கால், 12.2 பாதி, 12க்குக் கீழே போனால் காலி என்றே வைத்துக்கொள்ளுங்கள். காரில் செல்ஃப் அடிக்க நூறு ஆம்பியருக்கு மேல் வேண்டும். மீட்டரோ கரண்டே இழுப்பதில்லை. டெர்மினலில் தலைமுடி அளவு தொடர்பு இருந்தாலும் முழு வோல்ட்டேஜும் வந்து நிற்கும்.

அதனால் இன்னொருவரைச் சாவி திருப்பச் சொல்லிவிட்டு, அந்த நேரத்தில் எண் என்ன ஆகிறது என்று பாருங்கள். மீட்டர் முனைகள் கிளாம்ப்பில் இல்லாமல் பேட்டரியின் ஈயக் கம்பத்திலேயே படவேண்டும். 9.6க்குக் கீழே இறங்காமல் நின்றால் பேட்டரி தாங்குகிறது. 6, 7 என்று விழுந்தால் முதல் சந்தேகம் பேட்டரி மேல். அபூர்வமாக, இறுகிப்போன மோட்டார் அளவுக்கு மீறி இழுக்கலாம். 12.5லேயே அசையாமல் நின்றால் கரண்ட் ஓடவே இல்லை, வழியில் எங்கோ அறுந்திருக்கிறது. நன்றாக சார்ஜ் போட்ட பிறகும் 10.5 பக்கமே நின்றால் ஒரு செல் ஷார்ட். ஒரு செல்லுக்கு 2.1 வோல்ட் என்பதால் கணக்கு அப்படியே பொருந்தும். அந்த பேட்டரியைத் தேற்ற முடியாது.

~

மீட்டர் கையில் இல்லாதவர்கள் காதை நம்பலாம். வேகமாக டிக்-டிக்-டிக் என்றால் சொலினாய்டு (செல்ஃப் மோட்டாருக்குக் கரண்டைத் திறந்துவிடும் காந்த சுவிட்ச்) இழுக்கிறது, வோல்ட்டேஜ் விழுகிறது, விட்டுவிடுகிறது, மறுபடி இழுக்கிறது. அதாவது பேட்டரி டவுன் அல்லது டெர்மினல் லூஸ். ஒரே ஒரு "டக்" கேட்டு அமைதியானால் சொலினாய்டு உள்ளே இருக்கும் செம்புக் காண்டாக்ட் கருகியிருக்கலாம், மோட்டாரின் கரி பிரஷ் தேய்ந்திருக்கலாம், தடிமனான கேபிளிலும் கோளாறு இருக்கலாம். சத்தமே இல்லை, ஹெட்லைட் மட்டும் பளிச்சென்று எரிகிறது என்றால் பெரும்பாலும் சொலினாய்டுக்கு சிக்னலே போகவில்லை. ஆட்டோமேட்டிக் வண்டியில் லீவரை 'என்' (நியூட்ரல்) நிலைக்குத் தள்ளி ஒருமுறை அடித்துப் பாருங்கள். மேனுவலில் கிளட்ச் பெடல் சுவிட்சைப் பாருங்கள். மீட்டர் போர்டில் சாவிப் படம் விடாமல் மினுக்கினால் இம்மொபிலைசர், அதாவது சாவியை அடையாளம் தெரியாமல் ஸ்டார்ட்டைத் தடுக்கும் திருட்டுத் தடுப்பு.

~

முதலில் சொன்ன மீட்டர் சோதனையோடு சேர்த்து ஒன்று. கேபிளை ஓம்ஸ் வைத்துப் பார்ப்பது வீண் வேலை. 0.01 ஓம் தடை, 150 ஆம்பியர் ஓடும்போது 1.5 வோல்ட்டைத் தின்றுவிடும். சாதாரண மீட்டரின் ஒயர்களுக்கே அதைவிட அதிகத் தடை உண்டு, பிறகு எப்படித் தெரியும்? வோல்ட்டேஜ் டிராப், அதாவது கரண்ட் ஓடும்போது வழியில் எவ்வளவு வோல்ட் தொலைகிறது என்று அளப்பதுதான் சரியான வழி. கியர் நியூட்ரலில், ஹேண்ட்பிரேக் போட்டு, மீட்டர் 20 வோல்ட் டி.சி.யில். சாவி ஸ்டார்ட்டில் இருக்கும்போதே ஒவ்வொன்றாக அளக்க வேண்டும்:

நெகட்டிவ் கம்பத்திலிருந்து இன்ஜின் பிளாக்கின் வெறும் உலோகம் வரை: 0.2க்குள்.
பாசிட்டிவ் கம்பத்திலிருந்து செல்ஃப் மோட்டாரின் பெரிய போல்ட் வரை: 0.5க்குள்.
ஈயக் கம்பத்துக்கும் அதன்மேல் உள்ள கிளாம்ப்புக்கும் நடுவே: ஏறக்குறைய பூஜ்யம். 0.1 தாண்டினால் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள்.

கரண்ட் ஓடினால்தான் இந்த எண்களுக்கு அர்த்தம். மோட்டார் இழுக்கவே இல்லையென்றால் மோசமான இணைப்பும் பூஜ்யம் காட்டி ஏமாற்றும்.

கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். பாசிட்டிவில் இருக்கும் ஸ்பேனர் பாடியில் பட்டாலும் தீப்பொறி வராமல் இருக்கத்தான் இந்த வரிசை. பூத்திருக்கும் வெள்ளை, பச்சைப் பொடியைச் சமையல் சோடா கரைத்த தண்ணீரில் கழுவி, கம்பத்தையும் கிளாம்ப்பின் உள்பக்கத்தையும் கம்பி பிரஷ்ஷால் பளபளக்கத் தேயுங்கள். பெட்ரோலியம் ஜெல்லி மாட்டி இறுக்கிய பிறகு, மேலே மட்டும்.

~

எர்த் (கரண்ட் இன்ஜின், பாடி வழியாக பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் இணைப்பு) சந்தேகத்தை ஒரே நிமிடத்தில் தீர்க்கலாம். ஜம்ப்பர் கேபிளின் ஒரு முனை பேட்டரி நெகட்டிவில், மறுமுனை இன்ஜின் பிளாக்கில். இப்போது செல்ஃப் எடுத்தால் பேட்டரியும் மோட்டாரும் நிரபராதி. இன்ஜினுக்கும் பாடிக்கும் நடுவே உள்ள எர்த் பட்டையிலோ பேட்டரியின் நெகட்டிவ் கேபிளிலோதான் கோளாறு. எர்த் போன வண்டியில் கரண்ட் கிடைத்த வழியில் எல்லாம் திரும்பும். கிளட்ச் கேபிளோ ஆக்சிலரேட்டர் கேபிளோ சூடானால் அதுதான் காரணம்.

~

ரிலே (சின்னக் கரண்டால் பெரிய கரண்டைத் திறந்து மூடும் சுவிட்ச்) பக்கம் சுருக்கமாக, அதன் முனைகளில் போட்டிருக்கும் எண்கள்: 30இல் எப்போதும் 12 வோல்ட், 85க்கும் 86க்கும் நடுவே காயில், 87 வெளியே போவது. அதே எண் போட்ட ஹார்ன் ரிலே இருந்தால் மாற்றிப் போட்டுப் பார்க்கலாம். ஃபியூஸையும் ரிலேயையும் சோதிக்க மீட்டரைவிட 21 வாட் பிரேக் பல்ப் நல்லது. கிட்டத்தட்ட 1.75 ஆம்பியர் இழுப்பதால் பொய்த் தொடர்பு அதில் தப்பாது.

~

ராத்திரி நல்லா இருந்து காலையில் செத்துப்போகும் வண்டிக்கு வேறு வைத்தியம். நெகட்டிவைக் கழற்றி, கம்பத்துக்கும் ஒயருக்கும் நடுவே மீட்டரை 10 ஆம்பியர் துளையில் தொடராக மாட்டுங்கள். தவறியும் அப்போது செல்ஃப் அடிக்காதீர்கள், மீட்டர் ஃபியூஸ் போய்விடும். கதவைப் பூட்டி அரை மணி நேரம் விடுங்கள். கம்ப்யூட்டர்கள் தூங்கப் போகும்வரை எண் அதிகமாகத்தான் இருக்கும். கடைசியில் 50 மில்லி ஆம்பியருக்குள் வரவேண்டும். அரை ஆம்பியர் நின்றால் ஒரு நாளைக்கு 12 ஆம்பியர்-ஹவர் காலி. 45 ஆம்பியர்-ஹவர் பேட்டரி நாலு நாள்கூடத் தாங்காது.

ஃபியூஸைப் பிடுங்கிப் பார்ப்பதில் ஒரு தொல்லை உண்டு. திரும்பச் செருகும்போது தூங்கிய கம்ப்யூட்டர் விழித்துவிடும். அதற்குப் பதில் ஃபியூஸின் மேலே தெரியும் இரண்டு புள்ளிகளில் மில்லிவோல்ட் பாருங்கள். பூஜ்யமில்லாத இடத்தில் கரண்ட் ஓடுகிறது. எல்லா ஃபியூஸும் சுத்தமாக இருந்தும் கசிவு நின்றபாடில்லை என்றால், நெகட்டிவ் கழற்றியிருக்கும்போதே ஆல்டர்னேட்டரின் (வண்டி ஓடும்போது பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் ஜெனரேட்டர்) தடித்த ஒயரை எடுத்து, வெறும் முனையைத் துணி சுற்றி ஒதுக்கிவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். எண் விழுந்தால் உள்ளே டயோடு, அதாவது கரண்டை ஒரு பக்கமாக மட்டும் விடும் பாகம், போயிருக்கிறது.