மறு: 'ஒலியுணர்வுக் குறுக்கம்' சரியா?

> குழந்தை வளர வளர அயல்மொழி ஒலிகளைப் பிரித்தறிய முடியாமல் போகிறதே, அதற்கு 'ஒலியுணர்வுக் குறுக்கம்' என்று கலைச்சொல் வைக்கலாமா?

ஐயா, 'குறுக்கம்' வேண்டாம். ஐகாரக்குறுக்கம், மகரக்குறுக்கம் படித்தவருக்கு அது மாத்திரை குறைவதைத்தான் சொல்லும். ஒலி பற்றிய கட்டுரையிலேயே அந்தச் சொல்லைப் போட்டால் குழப்பம்தான்.

தவிர, நடப்பது வெறும் இழப்பும் இல்லை. ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீஸும் 1984இல் வெளியிட்ட ஆய்வில், ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகளுக்கு இந்தியின் த, ட ஒலிகளைக் கேட்கவிட்டார்கள். ஒலிபெருக்கியில் 'த, த, த' என்று ஓடிக்கொண்டே இருக்கும். அது 'ட' ஆனதும் குழந்தை தலையைத் திருப்பினால், பெட்டிக்குள் விளக்கு எரிந்து பொம்மை ஆடும். 6–8 மாதக் குழந்தைகளில் பெரும்பாலோர் சரியாகத் திரும்பினார்கள். 10–12 மாதத்தில் மிகச் சிலரே. நம் வீட்டுப் பிள்ளைக்கு இந்தச் சிக்கல் வராது. பட்டு, பத்து இரண்டையும் கேட்டுத்தானே வளர்கிறது!

இது பாதிக் கதை. பட்ரீசியா கூல் குழுவினர் 2006இல் ஆங்கில ர, ல ஒலிகளை வைத்துப் பார்த்தபோது, 6–8 மாதத்தில் அமெரிக்கக் குழந்தைகளும் ஜப்பானியக் குழந்தைகளும் ஏறக்குறைய ஒரே நிலையில் இருந்தார்கள். 10–12 மாதத்தில் ஜப்பானியக் குழந்தைகளுக்கு அது மங்கியது, அமெரிக்கக் குழந்தைகளுக்கோ கூர்மை கூடியது. கூர்மை கூடுவதையும் 'குறுக்கம்' என்பதா? 'தாய்மொழிச் செவியிசைவு' என்று வைத்துப் பார்க்கலாம்.

—

> தாய்மொழிச் செவியிசைவு

நல்ல சொல். ஆனால் அம்மா தமிழும் அப்பா தெலுங்கும் பேசும் வீட்டில் எது தாய்மொழி? குழந்தையின் செவி, காதில் விழும் மொழிக்கெல்லாம் இசையும். 'தாய்மொழி' என்ற அடையை எடுத்துவிடுங்கள். இன்னொன்று, 'இசைவு' என்றதும் எனக்கு அலுவலக இசைவுக் கடிதம்தான் நினைவுக்கு வருகிறது.

—

அடையை எடுத்துவிடலாம், சரி. இசைவுக் கடிதம் பற்றிக் கவலை வேண்டாம். முன்னால் 'செவி' நிற்கும்போது யாரும் ஒப்புதல் என்று படிக்க மாட்டார்கள். த–ட வேறுபாட்டைக் கண்டுகொள்ளும் திறனுக்கு 'ஒலியன் பிரித்தறிவு' ஏற்கெனவே நம் கலைச்சொல் பட்டியலில் இருக்கிறது. அது திறன், 'செவியிசைவு' அந்தத் திறன் மொழிக்கேற்ப மாறும் போக்கு. இரண்டையும் தனித்தனிப் பதிவாகவே போடுங்கள்.