லைனர் கிளவுஸ் போட்டும் விரல் மரத்துப் போகிறது, எங்கே தவறு?

போடி ஏலக்காய்
எல்லோருக்கும் வணக்கம். போடியில் ஏலக்காய்க் கடையில் வேலை. போன மாதம் நண்பர்களோடு கொழுக்குமலைக்குப் போனேன். சூரியநெல்லியில் தங்கி, விடிகாலை நாலரைக்கு ஜீப் ஏறினோம். ட்ரெக்கிங்குக்கு என்றே ஒரு மெல்லிய லைனர் கிளவுஸ் (தடியான கிளவுஸுக்கு உள்ளே போடுகிற ரகம்) வாங்கியிருந்தேன், 'எடையே தெரியாது, குளிரே தெரியாது' என்று சொல்லி விற்றது. ஜீப் மேலே போய்ச் சேர்வதற்குள் விரல் நுனி எல்லாம் மரத்துவிட்டது. அங்கிருந்து புல்வெளியில் ஒரு மணி நேரம் நடந்தும் சரியாகவில்லை. சட்டைப் பொத்தான் போட வரவில்லை, இன்னொருத்தர் போட்டுவிட்டார். மானம் போனது தனிக்கதை.

டிசம்பரில் உத்தராகண்டில் கேதார்காந்தா போகப் பணம் கட்டியாகிவிட்டது. அது 12,500 அடி, பனியில் நடக்க வேண்டும். கொழுக்குமலைக்கே இப்படி என்றால் அங்கே என்ன செய்வது? இன்னும் தடியான கிளவுஸ் வாங்கவா? கிளவுஸோடு தொட்டால் போன் திரையும் வேலை செய்யவில்லை, அதற்கும் ஒரு வழி சொல்லுங்கள்.

சூரியநெல்லி
தம்பி, தடியாக வாங்குவதற்கு முன்னால் இதைச் சொல்லுங்கள். ஜீப்பில் நின்றீர்களா, உட்கார்ந்தீர்களா? நின்றிருந்தால் கை எதைப் பிடித்திருந்தது?

போடி ஏலக்காய்
நின்றுதான் வந்தேன் அண்ணே. மேலே உள்ள கம்பியைப் பிடித்துக்கொண்டு. அந்த ரோட்டில் பிடிக்காமல் வர முடியுமா?

சூரியநெல்லி
அங்கேயே பாதிக் கதை முடிந்தது. ராத்திரி முழுக்கப் பனியில் கிடந்த இரும்பு. லைனர் என்பது பனியன் மாதிரி ஒரு மெல்லிய துணி, அதை அழுத்திப் பிடித்தால் உள்ளே இருக்கிற காற்றெல்லாம் நசுங்கிப் போகும். கை நேராக இரும்பைத் தொட்ட மாதிரிதான். மேலே காற்று வேறு. பின்னல் துணிக்குள் காற்று சல்லடையில் போவதுபோல் போகும்.

போடி கிட்டத்தட்ட 350 மீட்டர், கொழுக்குமலை 2400. ஆயிரம் மீட்டருக்கு ஆறரை டிகிரி கணக்குப் போட்டால் 13 டிகிரி குறையும். நீங்கள் போட்டுவந்த சட்டை போடிச் சட்டை. ஜனவரியில் இந்தப் பக்கம் செண்டுவாரை எஸ்டேட்டில் உறைபனி விழுந்து புல்லெல்லாம் உப்பு தூவியது போல் வெள்ளையாகக் கிடக்கும். மலையாளக்காரர்கள் மூடுபனி, உறைபனி இரண்டையும் 'மஞ்ஞு' என்றே சொல்வார்கள். கையில் படும்போது இரண்டும் ஒன்றில்லை.

பின்னல் கடை, திருப்பூர்
கிளவுஸின் உள்பக்கத் துணிச்சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.

போடி ஏலக்காய்
80% காட்டன், மீதி பாலியஸ்டர்.

பின்னல் கடை, திருப்பூர்
அதுதான். எங்கள் ஊருக்குச் சோறு போடுவது பருத்தி, அதற்காகப் பொய் சொல்ல முடியாது: குளிருக்கு அது ஆகாது. சாதாரணக் காற்றிலேயே பருத்தி தன் எடையில் 8.5% ஈரம் பிடித்துவைக்கும், பாலியஸ்டர் 0.4% தான். புல்வெளியில் பனித்துளி பட்டிருக்கும், உள்ளே வியர்வை வேறு. நனைந்த பருத்தி உங்கள் விரல் சூட்டை உறிஞ்சித்தான் காயும்.

கம்பளி இன்னும் அதிகமாக, 16% பிடிக்கும். ஆனால் ஈரத்தை நூலுக்குள்ளே வாங்கிக்கொள்ளும், நூலின் சுருளும் படுத்துவிடாது, அதனால் ஈரமாக இருந்தாலும் சில்லென்று ஒட்டாது. மெரினோ என்பது அதிலேயே மெல்லிய ரகம், நாலைந்து நாள் துவைக்காமல் போட்டாலும் நாறாது. ஆனால் தடி ஊன்றி நடப்பவர்களுக்குக் கட்டைவிரல் இடுக்கில் சீக்கிரம் ஓட்டை விழும். என் யோசனை: தினப்படி நடைக்கு பாலியஸ்டர் லைனர், ராத்திரி டென்ட்டில் போட ஒரு மெரினோ ஜோடி.

போடி ஏலக்காய்
சார், சும்மா நம்பாமல் கடையில் ஏலக்காய்க்கு லிட்டர் வெயிட் (ஒரு லிட்டர் காய் எத்தனை கிராம் என்று) பார்க்கும் தராசில் வைத்துப் பார்த்தேன். பழைய காட்டன் ஜோடி காய்ந்தபோது 44 கிராம், முக்கிப் பிழிந்த பிறகு 101. நண்பரின் பாலியஸ்டர் ஜோடி 32, பிழிந்த பிறகு 57. இரண்டையும் மின்விசிறிக்குக் கீழே தொங்கவிட்டேன். பாலியஸ்டர் மதியச் சாப்பாட்டுக்குள் காய்ந்துவிட்டது, காட்டன் கடை சாத்தும்போதும் விரல் நுனியில் ஈரம். முதலாளி என்னை ஒரு மாதிரி பார்க்கிறார்.

தேவிகுளம் அக்கா
நான் நர்ஸ். துணியை எல்லோரும் பேசிவிட்டீர்கள், அளவை யாரும் கேட்கவில்லை. தம்பி, அந்தக் கிளவுஸைப் போட்டு முஷ்டி பிடியுங்கள். விரல் இடுக்கு இழுக்கிறதா? கழற்றினால் மணிக்கட்டில் எலாஸ்டிக் தடம் இருக்கிறதா?

போடி ஏலக்காய்
இரண்டும் உண்டு அக்கா. கடையில் 'ஃப்ரீ சைஸ்' என்றார்கள்.

தேவிகுளம் அக்கா
அப்போ ரத்தம் எப்படிப் போகும்? குளிரில் உடம்பே விரலுக்குப் போகும் ரத்தத்தைக் குறைத்துவிடும், அதன் மேல் எலாஸ்டிக்கும் நெரித்தால் எந்தத் துணியும் காப்பாற்றாது. வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள். கிளவுஸைப் பத்து நிமிடம் போட்டுவிட்டுக் கழற்றியதும் நகத்தை அழுத்தி விடுங்கள், வெளுத்த நிறம் இரண்டு வினாடிக்குள் சிவக்க வேண்டும். உள்ளங்கையைச் சுற்றி, கட்டைவிரலை விட்டு, விரல் கணுக்கள் மேல் டேப் வைத்து அளந்து, தயாரிப்பாளர் தரும் அட்டவணையோடு ஒப்பிடுங்கள். இரண்டு அளவுக்கு நடுவில் வந்தால் பெரியதையே எடுங்கள்.

இன்னொன்று. கோடு போட்டது போல் விரல் வெளுத்து, பிறகு நீலமாகி, சூடேறும்போது சிவந்து எரிந்தால், அதுவும் சாதாரண ஏசி குளிரிலேயே வந்தால், டிசம்பருக்கு முன் டாக்டரைப் பாருங்கள். அது கிளவுஸ் பிரச்சினை இல்லை. மரத்த கையை நெருப்பில் காட்டாதீர்கள், கொதிநீரிலும் முக்காதீர்கள். சுடுவது தெரியாமல் கொப்புளம் போடும். அக்குளுக்குள் வையுங்கள், போதும்.

போடி ஏலக்காய்
ஏசியில் ஒன்றும் ஆவதில்லை அக்கா. ஆனால் நகம் சிவக்க நாலு வினாடி ஆனது. ஏலக்காயை 8 எம்எம், 7 எம்எம் என்று தினமும் சலிப்பவன், சொந்தக் கையை அளக்கவில்லை.

மறையூர் சர்க்கரை
என்னிடம் செலவில்லாத வழி உண்டு. ஆஸ்பத்திரி ரப்பர் கிளவுஸை உள்ளே போட்டு மேலே லைனர். காற்றும் வராது, ஈரமும் வெளியே போகாது, சூடு நிற்கும்.

தேவிகுளம் அக்கா
ஒரு மணி நேரத்துக்குச் சரி. நாள் முழுக்கப் போட்டால் கை, ஊறின வெண்டைக்காய் மாதிரி ஆகிவிடும். கழற்றும்போது ஈரக்கை காற்றில் படும், அப்போதுதான் வேடிக்கை.

சூரியநெல்லி
அதைவிட, லைனருக்கு மேலே மழைத்துணியில் தைத்த, விரல் பிரியாத உறை ஒன்று போடலாம். விரல்கள் ஒன்றோடொன்று சேர்ந்திருந்தால் ஒன்றையொன்று சூடாக்கும். கம்பளி சாக்ஸைக் கையில் மாட்டிக்கொண்டு போனவர்களையும் பார்த்திருக்கிறேன், சிரிக்காதீர்கள், வேலை செய்யும். கேதார்காந்தாவுக்கு லைனர் மட்டும் போதாது. லைனர், அதன் மேல் ஃபிளீஸ் (புசுபுசுவென்ற செயற்கைத் துணி) அல்லது கம்பளி, எல்லாவற்றுக்கும் மேலே தண்ணீர் புகாத உறை. ஏறும்போது லைனரோடு ஏறுங்கள், நின்றதும் மேல் உறையை மாட்டுங்கள். வியர்த்தபின் மாட்டிப் பயனில்லை. டென்ட்டில் லைனரை அடுப்புக்கு மேலே காயப்போடாதீர்கள், செயற்கை நூல் உருகிவிடும். சட்டைக்குள் வயிற்றோடு வைத்துக்கொண்டு தூங்குங்கள்.

பின்னல் கடை, திருப்பூர்
போன் விஷயம். விரல் நுனியில் மின்சாரம் கடத்தும் நூல் சேர்த்துப் பின்னியிருந்தால்தான் திரை கேட்கும். அந்த நூலும் விரல் தோலைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். அக்கா சொன்னபடி தளர்வாக வாங்கினால் நுனியில் இடைவெளி விழுந்து, திரை சண்டித்தனம் பண்ணும். ரத்த ஓட்டமா, போனா என்றால் எதை எடுப்பீர்கள்? படம் எடுக்க மட்டும்தான் என்றால் பல போன்களில் சத்தம் கூட்டும் பொத்தானை அழுத்தினாலே கேமரா எடுக்கும்.

போடி ஏலக்காய்
இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன். எல் சைஸ் பாலியஸ்டர் லைனர், 36 கிராம். மழைத்துணி உறையைப் போடியிலேயே குடை தைப்பவரிடம் சொல்லித் தைத்துக்கொண்டேன். நேற்று மறுபடியும் கொழுக்குமலை. ஜீப்பில் கம்பியைப் பிடிக்காமல் உட்கார்ந்து போனேன். சூரியன் வரும்வரை விரல் பத்தும் என்னுடையதாகவே இருந்தது, இடது சுண்டுவிரல் மட்டும் கொஞ்சம் முரண்டு பிடித்தது.

ஆனால் படம் எடுக்க வலது உறையைக் கழற்றிப் பாறை மேல் வைத்தேன். ஒரே காற்று. அது இப்போது குரங்கணிப் பக்கம் எங்கேயோ கிடக்கிறது.

சூரியநெல்லி
எஸ்டேட் குழந்தைகளுக்கு அம்மாக்கள் இரண்டு கிளவுஸையும் ஒரு நாடாவில் கட்டி, சட்டைக்கைக்குள் விட்டு அனுப்புவார்கள். அதையே செய்யுங்கள்.

போடி ஏலக்காய்
குடைக்காரரிடம் ஒற்றை உறை தைக்கச் சொல்லியிருக்கிறேன் அண்ணே. நாடாவோடு சேர்த்து.