மறு: கலர் டார்கெட்டுக்குத் தமிழில் என்ன?

> 'நிற இலக்கு' என்றே வைத்துவிடலாமே, எளிதாக இருக்கிறது.

எளிதுதான், ஆனால் கலர் டார்கெட் என்பது கேமராவோ ஸ்கேனரோ நிறங்களை எப்படிப் பதிகிறது என்று அறியப் படமெடுக்கும், நிறக் கட்டங்கள் கொண்ட அட்டை அல்லது ஃபிலிம். இலக்கு என்றால் எட்டவேண்டியது என்றுதான் படிக்கிறவர் நினைப்பார். புரொஃபைல் போடும்போது நாம் எதையும் எட்டப்போவதில்லை. அட்டையில் உள்ள ஒவ்வொரு கட்டத்தின் நிறமும் முன்பே கருவியால் அளந்து எண்களாகக் கையில் இருக்கிறது, அதே கட்டத்தைக் கேமராவில் எடுத்தால் பதப்படுத்தாத ரா கோப்பில் வேறு மூன்று எண்கள் கிடைக்கின்றன, இரண்டுக்கும் உள்ள உறவைக் கணக்கிட்டு எழுதிவைத்தால் அதுதான் புரொஃபைல்.

'நிற உரைகல்' கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் தலைகீழ். இங்கே சோதிக்கப்படுவது கேமரா. அட்டை, மாற்றுத் தெரிந்த பொன். பொன்னைப் போய்க் கல் என்பானேன்?

'நிற அட்டை' என்றால் பெயிண்ட் கடையில் கொடுக்கும் அட்டைதான் நினைவுக்கு வரும். தவிர எல்லாமே அட்டையும் இல்லை, ஐடி8.7/1 என்ற ஸ்கேனர் டார்கெட் ஸ்லைடு ஃபிலிமில் வருவது.

என் பரிந்துரை 'ஒப்புநிறம்'. இதிலிருந்து ஒப்புநிற அட்டை, ஒப்புநிற ஃபிலிம், ஒப்புநிறக் கட்டம், அளவெண்கள் உள்ள ஒப்புநிறக் கோப்பு என்று எல்லாவற்றையும் பிரித்தெடுக்கலாம். இந்தக் கடைசிச் சொல் கட்டாயம் வேண்டும். எக்ஸ்-ரைட் நிறுவனம் 2014 நவம்பரில் கலர்செக்கர் என்ற அட்டையின் நிறமிகளை மாற்றியது, பழைய அட்டைக்குப் புதிய கோப்பைக் கொடுத்தாலும் புரொஃபைல் போடும் ஆர்கில் மென்பொருள் வாய் திறக்காமல் ஒரு புரொஃபைலை எழுதிக்கொடுத்துவிடும், ஆனால் அது அந்த அட்டைக்கு உரியது இல்லை.

எதை வாங்குவது என்ற கேள்விக்கு: வெளியே படம் எடுப்பவருக்கு 24 கட்டம் போதும். 1976இல் மேக்பெத் நிறுவனம் கொண்டுவந்த அந்தக் கலர்செக்கர் அட்டையில் தோல், வானம், இலை எல்லாம் இருக்கின்றன, கீழ் வரிசை முழுக்க வெள்ளையிலிருந்து கருப்பு வரை. முக்கியமாக, அது பளபளக்காது. 140 கட்டம் உள்ள கலர்செக்கர் எஸ்ஜி அட்டை அரைப்பளபளப்பு, விளக்கை 45 டிகிரியில் நிறுத்தி, சுற்றுப்புற ஒளியை அடக்கத் தெரிந்தால் மட்டும் வாங்குங்கள், இல்லாவிட்டால் அடர் கட்டங்களில் பளபளப்பு ஏறி அதையும் சேர்த்துத்தான் நிறம் என்று மென்பொருள் எடுத்துக்கொள்ளும். 24 கட்டத்தை வைத்துக்கொண்டு எல்யூடி (நிறத்துக்கு நிறம் மாற்றத்தைப் பெரிய பட்டியலாக வைக்கும்) புரொஃபைல் போடுவது வீண் ஆசை, சில எண்களால் பெருக்கிக் கணக்கிடும் மேட்ரிக்ஸோடு நிறுத்திக்கொள்வது நல்லது. ஐடி8 ஸ்கேனருக்கு உரியது. அதில் இருப்பது புகைப்பட ஃபிலிம் அல்லது தாளின் சாயங்கள், செடிக்கும் துணிக்கும் உள்ள நிறமாலை வேறு.

---

ஒப்புநிறம் பிடித்திருக்கிறது. ஆனால் 'ஒப்புக்கு வைத்த நிறமா?' என்று ஒருவராவது கேட்பார், பார்த்துக்கொண்டே இருங்கள் :) 'ஒப்பீட்டு நிறம்' என்றால் அந்தத் தொல்லை இல்லை, ஆனால் கோப்பு, கட்டம் எல்லாம் சேரும்போது நீண்டுவிடுகிறது.

அப்புறம், புரொஃபைலுக்கு 'சுயவிவரம்' மட்டும் வேண்டாம். கேமராவுக்கு ஏது சுயம்? 'நிறவிவரம்' போதும். அளவுத்திருத்தம் என்றும் எழுதாதீர்கள், அது கருவியையே சரிசெய்வது, நிறவிவரம் கருவி எப்படி நடந்துகொள்கிறது என்று குறித்துவைப்பது மட்டும். ஒப்புநிறம், ஒப்பீட்டு நிறம் இரண்டில் எது என்று மற்றவர்கள் சொல்லுங்கள், கட்டமும் நிறவிவரமும் முடிவானதாக வைத்துக்கொள்கிறேன்.