குற்றக் கதையில் படித்தது நேரில் எதிரே வந்து நின்றதுண்டா?

ஊஞ்சல்பலகை:
1992. எங்கள் தெருவுக்குக் குடிவந்த அக்கா, கல்யாணமாகி மூன்று வருடம். காலையில் "ஸ்டவ் வெடிச்சிருச்சு" என்று சத்தம். அம்மாவோடு நானும் ஓடினேன். அதற்கு முந்தின வாரம்தான் பஸ் ஸ்டாண்டில் வாங்கிய மாத நாவல் ஒன்றைப் படித்திருந்தேன். வரதட்சணைச் சாவு கதைதான், அப்போது வந்ததெல்லாம் உங்களுக்கே தெரியும். அதில் இன்ஸ்பெக்டர் உள்ளே வந்ததும் முதலில் ஸ்டவ்வைத்தான் பார்ப்பார். நானும் சமையலறையை எட்டிப் பார்த்தேன். பம்ப் ஸ்டவ் மேடைமேல் நின்றது. பித்தளைத் தொட்டியில் ஒரு நசுங்கல் இல்லை. பால் பொங்கி வழிந்த கறைகூட அப்படியே இருந்தது. மண்ணெண்ணெய் வாடை வந்தது படுக்கையறைப் பக்கமிருந்து.

கல்யாணமாகி ஏழு வருடத்துக்குள் பெண் இப்படி இறந்தால் ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) விசாரணை உண்டு என்பதும் அந்த நாவலில் இருந்தது. தெரிந்தும் நான் வாய் திறக்கவில்லை. இருட்டுவதற்குள் எடுத்துவிட்டார்கள்.

ரயிலடி:
மனசு கனக்கிறது. ஆனால் மாத நாவல்களுக்கு இவ்வளவு பெருமை தர எனக்கு மனமில்லை. அட்டையில் பெண் படம், உள்ளே தொண்ணூறு பக்கம் அவளைத் துரத்தித் துரத்திக் கொல்வது, கடைசி அரைப் பக்கத்தில் வரதட்சணை ஒழிக. அதுவா சமூகக் கருத்து? கோவை ஆட்டோ ஓட்டுநர் மு. சந்திரகுமார், குண்டூர் லாக்கப்பில் தான் பட்டதை 'லாக்கப்' என்று எழுதினார். அதிலிருந்து வந்ததுதான் 'விசாரணை' படம். அங்கே கதை வேறு கருத்து வேறு இல்லை. 2016இல் தியேட்டரில் பார்த்தேன். அடி விழும் காட்சி வந்ததும் பக்கத்து சீட் பெரியவர் இரண்டு கால்களையும் மேலே தூக்கி, உள்ளங்கால்களைக் கையால் மூடிக்கொண்டார். இடைவேளை வரை கீழே வைக்கவில்லை. என்ன நடந்தது ஐயா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

நீலமை:
ரயிலடி, அந்த அரைப் பக்கத்தையும் யாரோ படித்தார்கள். அப்பா வாடகை நூலகம் வைத்திருந்தார். திரும்பி வரும் புத்தகத்தைப் புரட்டிப் பார்ப்பது என் வேலை. மருமகளைப் பட்டினி போடும் இடத்தில், ஓரத்தில் நீல மையில் "இங்கேயும்" என்று இருந்தது. ஒரே வார்த்தை. நோட்டைப் பார்த்தால் அந்தப் பிரதியைப் பதினான்கு பேர் எடுத்திருந்தார்கள். யாரென்று கண்டுபிடிக்கவே முடியவில்லை. அப்பா அழிக்கச் சொன்னார். ரப்பர் போட்டுத் தேய்த்ததில் தாள் கிழிந்தது.

கறுப்புக்கோட்டு:
நான் சட்டம் படித்ததே ஒரு துப்பறியும் தொடரால்தான். சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஏழு வருட விதி 1983 திருத்தத்தில் வந்தது, வரதட்சணை மரணம் தனிக் குற்றமானது 1986இல். இப்போது அது, இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 80ஆவது பிரிவு. யாருக்காவது இப்படி நேர்ந்தால், சந்தேகம் இருக்கிறது என்று எழுத்தில் கொடுங்கள், வாய்மொழி போதாது. மனு ரசீது வாங்காமல் ஸ்டேஷனை விட்டு வராதீர்கள். இடத்தைக் கழுவ விடாதீர்கள், முதலில் போட்டோ எடுங்கள். உடலை எரித்துவிட்டால் அப்புறம் பிரேதப் பரிசோதனைக்கு வழியே இல்லை. லாக்கப் பற்றியும் சொல்லிவிடுகிறேன்: டி.கே. பாசு வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் 11 நெறிமுறைகள் தந்தது. கைதுக் குறிப்பில் சாட்சி கையெழுத்து வேண்டும், உறவினருக்குத் தகவல் போக வேண்டும். பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். எல்லோரும் இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஊஞ்சல்பலகை:
நன்றி சார். சட்டம் தெரியாமல் நான் நிற்கவில்லை. அந்த அக்காவின் அம்மா மதியம் ஊரிலிருந்து வந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஸ்டவ்தானே கண்ணு வெடிச்சது?" என்று கேட்டார். ஆமாம் பாட்டி என்றேன்.